பூவராகரின் வெள்ளைச் சுவர்

செண்பகம்மாவின் ஆசிரமம் பழனிக்குப் போகும் பாதையில் இருந்தது. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் அங்கே சாப்பிட்டு, கொஞ்சம் காலாறிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் அவர்களுக்காகப் புதிதாக ஒரு சாப்பாட்டுக்கூடம் எழும்பியிருந்தது.

அதன் பெரிய சுவரில் படம் வரையும் பொறுப்பைச் செண்பகம்மா பூவராகரிடம் கொடுத்தார். பூவராகர் சீடர்தான், ஆனால் குருவைவிடப் பத்து வயது பெரியவர். ஆசிரமத்துக்கு வருமுன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்.

"ஒரு மாசம் போதுமாண்ணே?"

"தாராளம்மா."

சுவருக்கு வெள்ளையடித்தார். பிரஷ்களை அலசினார். மயில் வரையலாம் என்று நினைத்தார். மறுநாள், மயிலைவிட மலை நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அப்புறம் மலையைவிட அருவி. மறுபடியும் பிரஷ்களை அலசினார். ஏணியைக்கூடக் கழுவிவிட்டார். இதைவிடப் பிரமாதமாக ஒன்று நாளைக்குத் தோன்றும் என்ற நம்பிக்கையில் நிம்மதியாகத் தூங்கினார்.

அப்படியே மாசம் ஓடிவிட்டது. நாளைக் காலை பூசக் கூட்டம் வருகிறது என்று சேதி வந்தபோது சுவர் அப்படியே பளிச்சென்று இருந்தது. பிரமாதமான படம் வரப்போகிறது என்று பூவராகர் ஊரெல்லாம் சொல்லி வேறு வைத்திருந்தார்.

குருவிடம் ஓடினார்.

"பிரஷைத் தூக்குறதும் கீழே வைக்கிறதுமாவே இருக்கேம்மா. ஒரு கோடு தப்பிட்டா சுவரே கெட்டுப்போகுமே. நான் என்ன செய்ய?"

செண்பகம்மா எழுந்து கூடத்துக்கு வந்தார். பச்சைச் சாயக் கிண்ணத்தில் கையை முக்கி, சுவரின் நட்டநடுவில் பளாரென்று ஓர் அறை விட்டார்.

ஐந்து விரலும் அழுத்தமாகப் பதிந்தன.

"ஐயோ! கெடுத்துட்டீங்களேம்மா!"

"ஆமாண்ணே. கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுபடி வெள்ளையடித்தால் காய நேரமில்லை. பூவராகர் அந்தப் பச்சைக் கையை முறைத்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அது ஒரு சீப்பு வாழைக்காய் மாதிரி இருந்தது. விரல் நுனிகளை லேசாக வளைத்துவிட்டார். சீப்பு என்றால் தார் வேண்டும். தார் என்றால் மரம். இப்படி ஒரு தாரைப் பார்த்துவிட்டு எந்த யானை சும்மா போகும்? யானை வந்தது. அதை விரட்டத் தோட்டக்காரன் ஒருவன் துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தான். ஓடிய வேகத்தில் அவனுடைய வேட்டி அவிழ்ந்தது. அதை வரையும்போது பூவராகர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரில் வெள்ளை இடமே இல்லை.

காலையில் பந்தி களை கட்டியது. உட்கார்ந்தவர்கள் வேட்டியைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு குழந்தை யானைக்குச் சோறு நீட்டியது.

பூவராகர் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தும்பிக்கை கொஞ்சம் குட்டையாப் போச்சும்மா. இன்னும் ஒரு மாசம் கிடைச்சிருந்தா..."

சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்துகொண்டே செண்பகம்மா சொன்னார்:

"ஒரு மாசம் கிடைச்சப்ப யானையே இல்லையேண்ணே."