தென்னம்பிள்ளையின் தழும்பு

அந்தக் காலத்தில், மரமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, தென்னையின் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மட்டை விழுந்தால், விழுந்த இடம் மறுநாளே மூடிக்கொள்ளும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தைபோல மரம் வழவழவென்று நிற்கும்.

ஆற்றங்கரையில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல், ஒரு தென்னையை நட்டு, “என் மூத்த பிள்ளை” என்று கொஞ்சி வளர்த்தாள். அதுவும் அவளை ஆத்தா என்றே கூப்பிட்டது. அது நெடுநெடுவென்று வளர்ந்த பிறகுதான் வடிவு பிறந்தாள்.

வடிவுக்கு இரண்டு வயதானபோது, ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டது. புருஷன் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்தான். பேராச்சி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தென்னையிடம் ஓடினாள். ஏறினால் சறுக்கியது. மறுபடி ஏறினாள், மறுபடி சறுக்கியது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

“ஆத்தா, இடுப்புல அரிவாள் இருக்குல்ல? என்னை வெட்டிப் படி எடு.”

“உன்னையா? என் கை வராதுய்யா.”

“தங்கச்சி நனையுதா பாரு. வெட்டு!”

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் நடுங்கியது. சத்தம் மட்டும் போடவில்லை. வெட்டிய பள்ளத்தில் கால் வைத்து, அடுத்ததை வெட்டி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். வெள்ளம் வடியும்வரை இரண்டு பேரையும் மட்டைகளுக்கு நடுவே வைத்துக் காத்தது மரம்.

அப்புறம் பேராச்சி மஞ்சளரைத்துப் பூசினாள். காயம் ஆறியது. இரும்பு பட்ட இடமல்லவா, தழும்பு போகவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல், தண்ணீர் ஊற்ற வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

பிள்ளைக்கு அது வெட்டுப் பட்டதைவிட வலித்தது.

ஒருநாள் பழுத்த மட்டை ஒன்று விழுந்தது. மறுநாள் பார்த்தால், அந்த இடம் மூடாமல் வளையமாக வடு நின்றது. அடுத்த மட்டை விழுந்தது, அடுத்த வடு.

பேராச்சி பதறினாள். “ஏன்யா, உனக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல ஆத்தா. உடம்பெல்லாம் வடுவா இருந்தா, நீ வெட்டுனது எதுன்னு உனக்கே தெரியாதுல்ல? அப்போ என்னை நேராப் பார்ப்ப.”

பேராச்சி மரத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, வெட்டிய படிகளில் ஏறிப் போய், மேலிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு வடுவாகத் தடவிக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் தென்னை, உதிர்ந்த ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தழும்பை உடம்பில் வைத்துக்கொள்கிறது. நாமும் அதைத் தென்னைமரம் என்று சொல்வதோடு விடாமல், தென்னம்பிள்ளை என்கிறோம்.