முதல் படகு

வெண்மணல்துறை ராஜா அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போய், மீனவர்களின் தீவைத் தாரைவார்த்துவிட்டு வந்தார் என்று ஊரே கொதித்துக் கிடந்தது. கடற்கரையில் பந்தல் போட்டு ராஜா முழங்கினார்: "ஒரு பிடி மண்ணைக்கூடக் கொடுக்கவில்லை! வாழ்த்தாதவர்களுக்குச் சவுக்கடி!"

வலை பின்னும் சிவனம்மாளைக் காட்டி, "நீ வாழ்த்து!" என்றார்.

தீவுக்குப் போன அவள் புருஷனை அண்டை நாட்டுக் காவலர்கள் அடித்து விரட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவள் கும்பிட்டுச் சொன்னாள்:

"அந்தத் தீவிலேயே நின்று வாழ்த்துகிறோம், மகாராஜா. முதல் படகில் நீங்க ஏறுங்க."

மந்திரி பதறிப்போய்க் கத்திவிட்டார்: "ஏறாதீர்கள் பிரபு! இப்போது அது அவர்கள் மண், அம்பு விடுவார்கள்!"

ஜனங்கள் பந்தல் கால்களைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். ராஜா இன்னும் அதன் கீழேதான் நின்றிருந்தார்.