இறுகாத மதகுச் சுவர்

"யாரோ ஒருத்தர் இந்தச் சுவரைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டார்! அந்த ஆள் உருப்படுவாரா?"

மருதூர்ச் சபையில் இப்படிக் கத்தியவன் சடையாண்டி. சந்தை சந்தையாக உப்பு மூட்டை தூக்கி, ஏமாந்து, அடிபட்டு, பேரம் பழகி, அரண்மனைக்குச் சாமான் வாங்கும் பதவிவரை வந்தவன். மூக்குக்கு மேல் கோபம். கத்தி முடித்த பிறகுதான், அந்த 'யாரோ' யார் என்பதே அவனுக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். பெரிய ஏரிக்கு மதகுச் சுவர் எழுந்து பதினைந்து நாளாகிறது. விரல் வைத்தால் இன்னும் அல்வா மாதிரி அமுங்குகிறது. சுவர் முழுக்க எறும்பு. மழைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. சுவர் போனால் ஏரி போகும். ஏரிக்குக் கீழே ஏழு ஊரும் போகும்.

சுண்ணாம்புச் சாந்து நன்றாகப் பிடிக்கக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். வெல்லம் கொஞ்சம்தான். பெரிய கொத்தனார் மாசாணம் அளந்துதான் போடுவார். சடையாண்டியோ வியாபாரியைக் கதறவைத்து, ஒரு வண்டி விலைக்கு மூன்று வண்டி வெல்லம் ஓட்டி வந்துவிட்டான். வேலையைப் பார்க்க வந்திருந்த மன்னர் உத்தண்டர் பூரித்துப்போனார். "அத்தனையையும் கொட்டுங்கள்! சுவர் இரும்பாகட்டும்!" என்றார். "அளவு மிஞ்சினா இறுகாதுங்க, மகாராஜா" என்று மாசாணம் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சடையாண்டி அப்போது அவ்வளவு பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

மன்னருக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தது. "யாரடா அந்த ஆள்? பெயரைச் சொல்!" என்று உறுமினார்.

சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டாலும் போகும். "வெல்லம் வாங்கியவன் இவன்தானே!" என்று மந்திரி குணபூஷணர் பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்கிறேன், மகாராஜா. முதலில் தண்டனையைப் பேசி முடிப்போம். விலை படியாமல் சரக்கைக் காட்டுவது என் பழக்கமில்லை."

"தலையை எடுக்க வேண்டும்!" என்றார் மந்திரி.

"அநியாயம். இறங்கி வாருங்கள்."

"கையை வெட்டலாம்!"

"அந்தக் கைக்கு நாட்டில் நிறைய வேலை இருக்கிறது, மந்திரியாரே."

"கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஊர்வலம்! இதற்குக் கீழே ஒரு பொட்டு இறங்க மாட்டேன்!"

"மகாராஜாவுக்குச் சம்மதமா?"

"சம்மதம்! யாராக இருந்தாலும் சரி!"

சடையாண்டி கும்பிட்டான். "அப்படியானால் இரண்டு கழுதை வேண்டும். ஒன்று, கைதட்டிய முட்டாளான எனக்கு. நொண்டிக் கழுதையே போதும். மற்றதில்தான் ஒரு சந்தேகம். அதன்மேல் வெண்கொற்றக் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போவது யார்? மந்திரியாரேதானா?"

மந்திரியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மன்னரின் மீசை துடித்தது. பிறகு கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். "அட படுபாவி! தலையில் ஆரம்பித்ததைக் கழுதைவரை இறக்கிவிட்டாயே!" என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

சடையாண்டிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"மாலை இருக்கட்டும், மகாராஜா! பெயரை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த ஆள் கழுதை ஏறவும் வேண்டாம். நாளைக்கே சுவரை இடிக்க ஆள் அனுப்பட்டும். மாசாணம் வெல்லத்தை அளக்கும்போது வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்கட்டும். மழைக்கு முன்னால் ஏழு ஊருக்கும் ஒழுங்கான சுவரைக் கட்டிக் கொடுக்கட்டும்!"