கேலி சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் மருதூர் நாட்டைக் கனகசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மனசு மட்டும் காற்றாடி. பாயசம் கேட்பான், அது வந்து சேர்வதற்குள் ஊறுகாய் கேட்பான்.

ஊருக்கு மேலே கடல் போல ஓர் ஏரி. அதைக் காக்க ஆள் தேடிய ராஜா, தூரத்துக் கடற்கரையிலிருந்து வலம்புரி என்ற பெண்ணை வரவழைத்து நீர் அமைச்சராக்கினான். தண்ணீரின் சுபாவம் அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு சங்கடம், அவள் பேச்சு. படகுக்குப் படகு காற்றைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகியவர்கள் அவள் ஊர் ஜனங்கள். கடைசிச் சொல்லை மேலே தூக்கி, இழுத்துத்தான் முடிப்பார்கள்.

அவள் வாயைத் திறந்தால் போதும், சிரிப்பை மறைக்கச் சபையில் மேல்துண்டுகள் வாய்க்குப் போகும். வெற்றிலை மெல்லுகிற தாடைகள் நின்றுவிடும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போலத் தரையைப் பார்ப்பாள் வலம்புரி. இழுவையை விழுங்கிப் பேசிப் பார்த்தாள். சொல்லும் சேர்ந்து தொண்டைக்குள் போயிற்று. வீட்டில் சோறு வடிக்கும்போது மட்டும் பானையிடம் தன் ஊர்க் குரலில் ரெண்டு வார்த்தை பேசுவாள். பானை என்ன பதில் சொல்லும்? அந்த இழுவையோடு யாராவது ஒருவர் “சாப்பிட்டியா” என்று கேட்டால் தேவலை என்றிருக்கும்.

ஆஸ்தானப் பேச்சாளர் பூதலிங்கத்துக்கு அவளைக் கண்டால் வயிற்றெரிச்சல். ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் அவளுக்குப் போனதிலிருந்து வந்த எரிச்சல் அது. மலையில் மழை கொட்டுகிறது என்று செய்தி வந்த காலையில், மடைக்காவலர்கள் உத்தரவுக்காகச் சபையில் வந்து நின்றபோது, அவர் எழுந்தார்.

“அரசே, அமைச்சரம்மா பேசுவது பேச்சா, தாலாட்டா என்றே தெரியவில்லை. காவலர்கள் தப்பாக விளங்கிக்கொண்டால் கரை உடையும். அம்மா என் காதில் சொல்லட்டும், நான் சபைக்குச் சொல்கிறேன்.”

“அட, நல்ல யோசனை!” என்றான் ராஜா. “வலம்புரி, இனி நீ யோசி, அவர் பேசட்டும்.”

வலம்புரி தரையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஊர்தான் போயிற்று, மிச்சமிருந்த குரலும் போகிறதா?

“ஆகட்டும் அரசே,” என்றாள். “ஆனால் இன்றைக்கு ஒரு பரீட்சை. முதலில் அவர் சொல்லட்டும், பிறகு நான் சொல்கிறேன். யார் சொன்னது விளங்கியது என்று நீங்களே பாருங்கள்.”

ராஜாவுக்குப் பரீட்சை என்றால் பாயசம். “நடக்கட்டும்!” என்றான்.

அவள் காதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பூதலிங்கம் தொண்டையைக் கனைத்தார். “கார்முகில் என்னும் களிறு பிளிற, மலைமகள் நீர்ச்சடை அவிழ்க்க, உத்தர திசையின் வாயில் உவகையோடு விரிய, தட்சிணமோ மௌனம் காக்க, ஆநிரைகள் உன்னதம் எய்துக!”

“ஆஹா! ஆஹா!” சபையே கைதட்டியது.

வலம்புரி மூத்த காவலரிடம் கேட்டாள்: “அண்ணே, இப்போ போய் என்ன செய்வீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஐயாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்குப் போவோம் தாயி.”

இந்தத் தடவை அவள் இழுவையை விழுங்கவில்லை. காவலர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். “வடக்கு மடையைத் திறங்கோ... தெற்கு மடையைத் தொடாதீங்கோ... மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஏத்துங்கோ...”

சிரிப்பு வெடித்தது. ராஜாவுக்கே கிரீடம் சரிந்தது. பூதலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அரசே, சத்தியமாக ஒரு வார்த்தை விளங்கவில்லை!” என்றார்.

“விளங்காமலா ஐயா இவ்வளவு சிரிப்பு? நான் எப்படிப் பேசினேன் என்று அரசருக்குக் கொஞ்சம் பேசிக் காட்டுங்கள்.”

சிரிக்கவைக்கக் கிடைத்த வாய்ப்பை அவர் விடுவாரா? துண்டை முந்தானையாக்கி, இடுப்பை ஒடித்து, “வடக்கு மடையைத் திறங்கோ... தெற்கு மடையைத் தொடாதீங்கோ... மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஏத்துங்கோ...” என்றார். இழுவைகூடப் பிசகவில்லை.

“அரசே,” என்றாள் வலம்புரி, “நான் சொன்னதில் ஒரு சொல் குறைந்ததா? இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.”

சிரிப்பு பட்டென்று அடங்கியது. ராஜா காவலர்களைத் தேடினான். அந்த இடம் காலியாக இருந்தது.

“அவங்க அப்பவே ஓடிட்டாங்க மகாராஜா, வடக்கு மடைக்கு,” என்றான் வாயில்காப்போன்.

ராஜாவின் முகம் சிவந்தது. “பூதலிங்கம், கேலிக்குக் கேட்ட காது வேலைக்குக் கேட்கவில்லையோ? என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இனி தண்ணீர் விஷயத்தில் இவள் வாய்தான் என் வாய். நீர் போய்க் கடைசி வரிசையில் உட்காரும். வலம்புரி, என்ன வேண்டும் கேள்! முத்தா, பல்லக்கா?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“அந்தக் கடைசி வரியை... அவர் இன்னொரு தடவை சொல்லணும். கேலி இல்லாமல்.”

கடைசி வரிசைக்குப் போன பூதலிங்கம் அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தார். தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு, வெட்கத்தில் தணிந்த குரலில் தொடங்கினார்: “மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஏத்துங்கோ...”

கடைசிச் சொல் எழுந்து, தண்ணீரைத் தாண்டுவது போல மண்டபத்தைத் தாண்டி வந்தது. வலம்புரியின் ஊரில், படகிலிருந்து குரல் வந்தால் கரையில் நிற்பவர் மறுகுரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் நிற்க முடியாது.

சபை, ராஜா, எல்லாம் மறந்து அவள் வாய் தானாகத் திறந்தது:

“ஓ...ஓய்!”

ஒருவரும் சிரிக்கவில்லை.