கல்லுக்குக் கொடுக்காத மினுக்கி

அந்தக் காலத்தில், மீன்களுக்கும் வம்பு பேசத் தெரிந்திருந்த காலத்தில், வடக்கே பனிமலைகளுக்கு நடுவில் ஓர் ஏரி கிடந்தது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துவிடாதீர்கள். ஒரு மலையைத் தூக்கி உள்ளே வைத்தாலும் உச்சி தெரியாது, அவ்வளவு ஆழம். கோடையில் கை வைத்தால்கூட விரல் விறைத்துப்போகும். அதில் மினுக்கி என்றொரு மீன் இருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளிச் செதில். கொஞ்சம் கர்வக்காரிதான். அதற்கென்ன, அழகு இருந்தது, மினுக்கினாள்.

அந்த ஏரி மீன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையோரக் கல்லடியில் முட்டையிட்டு, "கல்லே, நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் ஆகாதாம். ஏன் ஆகாது என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

மினுக்கியும் வருஷா வருஷம் அப்படித்தான் செய்தாள். ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. போன வருஷம் மனசு கேட்காமல் பாதி தூரம் போனவள் திரும்பி வந்து பார்த்துவிட்டாள். ஐயோ, அவள் கல்லடியில் ஒரே கூட்டம்! அவள் முட்டைகளை முந்திக்கொண்டு தின்றவள் யார் தெரியுமா? அவளுடைய அண்ணன் பெண்டாட்டி பெருந்தலைச்சி.

சண்டைக்கு வாயெடுத்த மினுக்கி அப்படியே நின்றுவிட்டாள். வருகிற வழியில் இன்னொருத்தியின் கல்லடியில் அவளும்தானே வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தாள்! யாருடையது என்று அவள் கேட்டாளா? அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த வருஷம் வயிறு கனத்தது. அவள் கல்லடிப் பக்கமே போகவில்லை.

"என்னடி, நாள் நெருங்கியும் சும்மா சுற்றுகிறாய்?" என்றாள் பெருந்தலைச்சி.

"கல்லுக்குக் கொடுக்கப் போவதில்லை அண்ணி. பொரிக்கும்வரை என் வயிற்றிலேயே வைத்துக்கொள்வேன்."

"பைத்தியமா உனக்கு? வயிற்றைத் தள்ளிக்கொண்டு எப்படி ஓடுவாய்? பசித்த வாயெல்லாம் உன்னையே தின்றுவிடும்."

"அந்த வாயெல்லாம் வராத இடத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஏரியின் அடியாழத்தைப் பார்த்து இறங்கினாள்.

இறங்க இறங்கத் தண்ணீர் நெருக்கியது. மிதப்பதற்காக மீனுக்கு உள்ளே ஒரு காற்றுப்பை உண்டல்லவா, அதைப் பிடித்துப் பிழிந்தது. உயிர் போகிற வலி. பாதி வழியில் வெளிறிப்போன கூனி இறால் ஒருத்தி எதிரே வந்தாள்.

"காற்றை மூட்டை கட்டிக்கொண்டா இங்கே வருவார்கள்? அதை விட்டுத் தொலை. செதிலையும் உதிர்த்துவிடு. மின்னினால் இங்கேயும் தேடி வருவார்கள்."

"விட்டுவிட்டால், மறுபடி மேலே போய் வெயில் காயலாமா?"

"காயலாம், நெய்யாய் உருகிப்போவாய். சீக்கிரம் முடிவு பண்ணு."

மினுக்கிக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் செதில்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அப்போது வயிற்றுக்குள் ஏதோ துடித்தது. "போனால் போகட்டும், நான் திரும்ப மாட்டேன்" என்று வாயைத் திறந்து காற்றையெல்லாம் விட்டாள். குமிழிகள் மேலே போயின. செதில்கள் உதிர்ந்தன. அவள் கீழே போனாள்.

காற்று இருந்த இடத்தில் நெய் ஊறியது. உடம்பு கண்ணாடியானது. நாள் வந்ததும் முட்டையாக இல்லை, உயிருள்ள குஞ்சுகளாகவே பெற்றாள். பெற்றவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன.

வெயில் தாழ்ந்த ஒரு பொழுதில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

"எங்கேடி இருக்கிறாய்? குரல் மட்டும் கேட்கிறது" என்றாள் பெருந்தலைச்சி.

"உங்கள் எதிரில்தான் அண்ணி."

உற்றுப் பார்த்தாள். கண்ணாடி உடம்புக்குள் சிவப்பாக ஒரு நெஞ்சு துடித்தது. பக்கத்தில் கடுகு கடுகாக எத்தனையோ நெஞ்சுகள்.

"இவ்வளவுமா பிழைத்தது?" பெருந்தலைச்சி எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். "போன வருஷம் நான்..."

"தெரியும் அண்ணி. நானும் தின்றவள்தான்."

பெருந்தலைச்சி அப்போதுதான் முட்டையிட்டுவிட்டு வந்திருந்தாள். விருட்டென்று திரும்பித் தன் கல்லடிக்கு ஓடினாள். அங்கே புருஷனை இழுத்து வந்து நிறுத்தி, "இங்கேயே காவல் இரும். பொரிக்கும்வரை நகர்ந்தீரோ, நடக்கிறதே வேறு!" என்றாள்.

அன்று தொடங்கியதுதான், அந்த ஏரியின் ஆழத்து மீன் செதிலில்லாத கண்ணாடி உடம்போடு குஞ்சாகவே பெறுவதும், கரையோரத்துத் தகப்பன் மீன் பசியோடு கல்லடியில் காவல் கிடப்பதும். கல்லை நம்பி யாரும் எதையும் அங்கே விட்டுவிட்டுப் போவதில்லை.