வாயடைத்துப்போன கட்டியக்காரன்

காரையூர்ச் சீமையை ஆண்ட குணவர்ம ராஜாவுக்கு இரண்டு ஆசைகள். குடிமக்கள் பொய் பேசக் கூடாது. தன் பட்டப்பெயர்களில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. இந்த இரண்டு ஆசையும் ஒரே அரண்மனையில் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று அவர் யோசித்ததே இல்லை. யோசிக்கத்தான் விகடகவி மருதக்குட்டி இருந்தானே!

ஒருநாள், தானும் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்த ராஜகுரு திரியம்பகர் வேர்க்க விறுவிறுக்கச் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, கனவில் காளியம்மன் வந்தாள்! பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் தன் சன்னிதியில் கற்பூரம் அணைத்து, 'பொய் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். பக்தி இல்லாத இடத்தில் ஒழுக்கம் எப்படி முளைக்கும் என்று கேட்டாள்."

உடனே ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். மாட்டிக்கொண்டவர் மேலத்தெரு வாத்தியார் சாந்தசேனர். அவர் சமணர். சபைக்கு வந்து ராஜாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"பொய் பேசாதே என்றுதான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் காளியை நான் கும்பிடுவதில்லை. நம்பாமல் சத்தியம் செய்ய என்னால் ஆகாது."

"அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியை மூடிவிட்டு ஊரைக் காலி செய்யும்!" என்றார் ராஜா.

மருதக்குட்டியின் மகளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். இப்படி ஒரு மனிதரை ஊரைவிட்டு விரட்டுவதா என்று மனசு கொதித்தது. வெளியே மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தான்.

"அருமையான ஆணை, மகாராஜா! ஆனால் தண்ணீர் தலைமடையிலிருந்துதானே பாய வேண்டும்? முதலில் நம் சபை சத்தியம் செய்யட்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று மாலையே சபை முழுவதும் கோயிலுக்குப் போயிற்று. மருதக்குட்டி கற்பூரத் தட்டை ஏந்தி நின்றான். ராஜகுரு முதல் கட்டியக்காரன் வரை ஒவ்வொருவராகக் கைவைத்து அணைத்தார்கள்.

மறுநாள் காலை ராஜா சபை வாசலில் வந்து நின்றார். பட்டப்பெயர்களைக் கூவ வேண்டிய கட்டியக்காரன் வீரமுத்து வாயே திறக்கவில்லை.

"என்னடா, தொண்டை கட்டிக்கொண்டதா?"

"இல்லீங்க மகாராஜா. 'மூவுலகும் வென்ற'ன்னு ஆரம்பிக்கணும். நேத்துத்தான் சத்தியம் பண்ணினேன். நமக்கு மூணாவது ஊரே இன்னும் அடங்கலீங்களே!"

"சரி, உண்மையையே கூவித் தொலை!"

வீரமுத்து மூச்சை இழுத்துக் கூவினான். "இரண்டரை ஊர் ஆண்டவர், ஒரு போரில் தோற்றவர், மறு போருக்குப் போகாதவர், குணவர்ம மகாராஜா வருகிறார், பராக்!"

சபை உதட்டைக் கடித்துக்கொண்டது. ராஜாவின் முகம் சிவந்தது.

"ராஜகுருவே, இதையா அம்மன் கேட்டாள்?"

மருதக்குட்டி குறுக்கே புகுந்தான். "சாமி, நீங்களும் கற்பூரம் அணைத்தவர். பார்த்துச் சொல்லுங்கள். கனவில் வந்தது அம்மன்தானா?"

திரியம்பகர் கோயில் பக்கம் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார்.

"கனவு வந்தது நிஜம். அம்மன் வரவில்லை. என் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சாந்தசேனர் பள்ளிக்கு ஓடுவதுபோல் கனவு வந்தது."

ராஜா திகைத்தார். பிறகு துள்ளி எழுந்தார். "பார்த்தாயா மருதக்குட்டி, சத்தியம் வேலை செய்கிறது! அப்படியானால் வாத்தியாரும் செய்யத்தான் வேண்டும்!"

"ராஜகுரு அம்மனை நம்புகிறார் மகாராஜா, அவருக்கு வேலை செய்கிறது. வாத்தியார் நம்பாதவர். அவர் பொய்யராகவும் இருந்திருந்தால் அன்றைக்கே கற்பூரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். பள்ளியே போனாலும் பொய்ச்சத்தியம் செய்ய மாட்டேன் என்றவரிடம் இன்னும் என்ன சத்தியம் வாங்கப் போகிறோம்?"

ராஜா தாடியை நீவினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஆணை ரத்தாயிற்று. விரும்பியவர் விரும்பிய தெய்வத்தின் முன் சத்தியம் செய்யலாம், விரும்பாதவரை யாரும் இழுக்கக் கூடாது என்று புது முரசு அறைந்தார்கள். மருதக்குட்டியின் தோளில் ஒரு பட்டுச் சால்வையும் விழுந்தது.

"போகட்டும். நீயாவது உண்மையைச் சொல். நான் எப்படிப்பட்ட ராஜா?"

மருதக்குட்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"தங்களைப் போல் ஒரு ராஜா மூவுலகிலும் இல்லை!"

"நீயும் சத்தியம் செய்தவன்தானே?"

"எங்கே செய்தேன், மகாராஜா? இரண்டு கையிலும் கற்பூரத் தட்டு இருந்ததே!"