உப்புக்கு விலை பேசிய வேம்பி

மலையடிவாரக் காட்டில் இரும்புக்கொம்பர் என்றொரு காட்டெருமைத் தளபதி இருந்தார். செந்நாய்கள் வந்தால் தன் கூட்டத்தை வட்டமாக நிறுத்தி, கொம்புகளை வெளியே நீட்டச் செய்து விரட்டியடிப்பவர். அந்த வட்டத்தில் நிற்பவை காளைகள். கன்றுகளும் பெண்களும் நடுவில். அதுதான் வழக்கம்.

அவர் மகள் வேம்பிக்கும் கொம்பு இருந்தது. இடம் மட்டும் நடுவில்தான்.

அந்த வருஷம் மழையில் அவர்களுடைய உப்புத்தரை மண் சரிந்து மூடிப்போயிற்று. நக்க உப்பில்லாமல் கன்றுகள் எலும்பும் தோலுமாயின. நல்ல உப்புத்தரை ஓடைக்கு அக்கரையில், சடையன் என்ற காட்டெருமையின் கூட்டத்திடம் இருந்தது.

“என் மகனுக்குப் பெண் கொடுங்கள், உப்பைத் திறந்துவிடுகிறேன்” என்று சடையன் சொல்லி அனுப்பினான். தளபதி தலையாட்டிவிட்டார்.

“யாரைக் கேட்டுத் தலையாட்டினீங்க?” என்றாள் வேம்பி.

“கன்னுங்க சாகுது தாயி. யாரைக் கேட்கணும்?”

“கன்னுங்க பிழைக்கணும், அதுல சண்டையே இல்லை. கேட்ட விலைக்கு அப்படியே குடுக்கிறதுக்குத் தளபதி எதுக்கு? நான் போய்ப் பேசிக்கிறேன்.”

“ஓடையைத் தாண்டினா நீ என் மகள் இல்லை.”

“அதை ஊருக்குச் சொல்லுங்க. ஓடைக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு இறங்கித் தாண்டினாள்.

சடையன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். “வா மருமகளே. மேளதாளம் இல்லாம வந்துட்டியே?”

“மருமகளா வரலை பெரியவரே, பேரம் பேச வந்திருக்கேன். என்னை எதுக்குக் கேட்டீங்க?”

“எங்க கன்னுகளைச் செந்நாய் தின்னுது. இரும்புக்கொம்பர் மகள் இங்கே இருக்கான்னு தெரிஞ்சா கிட்ட வராது.”

“செந்நாய் எப்போ குலம் கோத்திரம் விசாரிச்சது? அது கொம்பைத்தான் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது நான் இல்லை, வட்டம். அதைச் சொல்லித் தர்றேன். உப்பைத் திறங்க. கல்யாணப் பேச்சு கிடையாது.”

பக்கத்தில் நின்ற கிழட்டுக் காளை மூக்கால் சிரித்தது. “வட்டத்துல நீ நின்னிருக்கியா? நடுவில ஒளிஞ்ச பொண்ணு.”

“நடுவில நின்னதாலதான் தெரியும். வெளியே நின்னவங்க செந்நாயைப் பார்த்தாங்க. நான் எல்லார் முதுகையும் பார்த்தேன். செந்நாய் ஒருத்தனை வம்புக்கு இழுக்கும். அவன் கோபத்துல துரத்திக்கிட்டு ஓடுவான். அவன் விட்ட சந்துலதான் மத்தது உள்ளே நுழையும்.”

சடையன் அசைபோட்டபடி யோசித்தான். “சரி. முதல்ல செந்நாயை விரட்டு. அப்புறம் உப்பு.”

“காரியம் முடிஞ்சதும் முகத்தைத் திருப்பிக்கிறவங்களை நிறையப் பார்த்தாச்சு. எங்க கன்னுங்க நாக்கு முதல்ல உப்புல படணும். இல்லேன்னா நான் வந்த வழியே போறேன்.”

அவள் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டாள். “நில்லு” என்று சடையன் உப்புத்தரைக்கு வழிவிட்டான். அன்று மாலையே வேம்பி அழைத்துவர, கன்றுகள் அக்கரைக்கு வந்து உப்பு நக்கி, இரவு அங்கேயே தங்கின.

மறுநாள் காலையில் செந்நாய்கள் வந்தன. வேம்பி சொன்னபடி எல்லோரும் வட்டமாக நின்றார்கள். இரண்டு கூட்டத்துக் கன்றுகளும் நடுவில். ஒரு செந்நாய் கிழட்டுக் காளையின் மூக்கருகே வந்து குரைத்துவிட்டு ஓடியது. காளை பாய்ந்து துரத்தியது. சந்து விழுந்தது.

நான்கு செந்நாய்கள் அந்தச் சந்துக்குப் பாய்ந்தன. அங்கே வேம்பி நின்றாள். முதலில் வந்தது கொம்பில் பட்டுப் புதரில் போய் விழுந்தது. மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

கிழட்டுக் காளை தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தது.

கன்றுகளைத் தேடி வந்த இரும்புக்கொம்பர் எல்லாவற்றையும் ஓடைக்கரையில் நின்று பார்த்திருந்தார். “பார்த்தீங்களா, என் மகள்” என்றார் சடையனிடம்.

“நேத்து இல்லைன்னீங்க” என்றாள் வேம்பி.

“கோபத்துல ஒரு வார்த்தை...”

“இருக்கட்டும்பா. இனிமே நடுவில கன்னுங்க மட்டும். கொம்பு இருக்கிற எல்லாரும் வட்டத்துல.”

தளபதி தன் பக்கத்தில் ஓர் எருமை நிற்கிற அளவுக்கு விலகி இடம் விட்டார். வேம்பி அங்கே போய் நின்றாள்.

அடுத்தவர் உனக்கு வைத்த விலைக்குத் தலையாட்டாதே. உன் விலையை நீயே சொல், சொன்ன இடத்தில் நின்றும் காட்டு.